புளி போட்டுத் துலக்கிய சக்கரம்

ஜூன் 15, ஞாயிறு

சக்கரம் மாட்டியாகிவிட்டது. ஏஞ்சல் போன மாதம் வாங்கிய பழைய காருக்கு நாலு புது அலாய் வீல். வில்லியனூரில் வீரமணி கடைச் சுவரில் மூன்று தினுசு மாட்டியிருந்தார். முழுக் கறுப்பு, சாம்பல், அப்புறம் டைமண்ட் கட் — முகப்பைச் சீவி மினுக்கி, இடுக்குகளில் மட்டும் கறுப்பு அடித்தது. நான் சாம்பல் என்றேன். தூசி தெரியாது. வீரமணியும், “மேடம் டெய்லி பனித்திட்டுக்கு டூட்டி போறாங்கன்னா கடக்காத்துக்கு கிரேதான் சார் நிக்கும்” என்றார்.

ஏஞ்சல் மினுக்கும் சக்கரத்தின் முன்னால் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். “இது போதுங்க” என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். கட்டில், ஃபிரிட்ஜ், திரைச்சீலை எல்லாம் என் அம்மாவோ நானோ எடுத்தது. அவள் ஒரு பொருளைக் காட்டி ‘இது’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மினுக்குவதையே மாட்டச் சொன்னேன்.

ஜூன் 17

பள்ளிக்கூட ஆபீசிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் போய்ச் சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கார் கழுவினேன். வீரமணி சொன்னபடியே — சக்கரம் ஆறிய பிறகு, தனி வாளி, தனித் துணி, ஷாம்பு தண்ணீர். உப்புக் காற்றுக்கு வாரம் தவறக் கூடாதாம். ஏஞ்சல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காபியோடு வாரக் கதை முழுவதும் சொன்னாள். நல்ல காலை.

நடுவில், “நீங்க ஏங்க ஓட்ட மாட்டேங்கிறீங்க? லைசென்ஸ்தான் இருக்குதே” என்றாள்.

“கண்ணாடி போட்டதுலேருந்து பயம்மா” என்றேன்.

பொய். லைசென்ஸே கிடையாது. டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது டிரம்மை இடித்து இரண்டு தடவை ஃபெயில். பெண் பார்க்கப் போன இடத்தில் இருக்கிறது என்று சொன்னது, அப்படியே நின்றுவிட்டது.

ஜூலை 19, சனி

கெடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் வண்டி மந்திரிப்பு. ஃபாதர் தீர்த்தம் தெளிக்கும்போது நம் வண்டி ஜொலிக்க வேண்டாமா? இடது பின் சக்கர இடுக்கில் பிரேக் தூசி படிந்து கறுத்திருந்தது. ஷாம்புக்கு அசையவில்லை. எங்கள் கோயில் பங்கில் பித்தளை என்றால் அமல்தாஸ், அதாவது நான்தான். வருடா வருடம் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தங்கமாக்குகிறவன். இது மட்டும் எம்மாத்திரம் என்று தேங்காய் நாரை எடுத்தேன். ஏஞ்சல் டூட்டியில் இருந்தாள்.

காய்ந்ததும் பார்த்தேன். பளபளப்பு போய், கஞ்சி வடித்த மாதிரி வெள்ளை பூத்துக் கிடந்தது. ஒன்றோடு நிறுத்தினேனே, அதுவரை லாபம்.

ஜூலை 20, ஞாயிறு

“பூன ஏறுது, செவத்தோட ஒட்டி நிறுத்து” என்று இடது பக்கத்தை மறைக்க வைத்தேன். கழுவலாமா என்றாள். தண்ணீர் வரவில்லை என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மேலே தொட்டி நிரம்பி வழிந்தது.

ஜூலை 23

பார்த்துவிட்டாள். “ரெண்டு மாசம் கூட ஆவல. வீரமணி நம்மள ஏமாத்திட்டாருங்க. வெள்ளிக்கெழம லீவு, போய் நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கப் போறேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவள் ஆசையாக எடுத்தது ஒன்றே ஒன்று. அதையும் நான்தான்...

ஜூலை 25, வெள்ளி

கடையில் வீரமணி குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். “மேடம், இதும்மேல கண்ணுக்குத் தெரியாத லாக்கர் கோட்டிங் ஒண்ணு இருக்கு. யாரோ புளிப்பா எதையோ போட்டு ஒரசியிருக்காங்க.”

ஏஞ்சலுக்கு வந்ததே கோபம். “எங்க வூட்ல யாருங்க ஒரசப் போறாங்க? இவரு பச்சக் கொழந்தயக் குளுப்பாட்டுற மாதிரி கழுவுறாரு. வாரம் தவறாம பக்கத்துல ஒக்காந்து பாக்குறேன். இவரப் போய் சொல்லாதீங்க.”

அவள் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வீரமணி தலை குனிந்து நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நான்தான் ஏஞ்சல். புளி.”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வீரமணியைப் பார்த்து, “மன்னிச்சிடுங்கண்ணே” என்றாள். வீடு வரை ஹாரன்கூட அடிக்கவில்லை.

சோறு போடும்போதுதான் கேட்டாள். “சக்கரம் போனா போவுது. என்ன இன்னொருத்தர்ட்ட வாய் வுட வச்சீங்களே. வேற இன்னா மறைச்சி வச்சிருக்கீங்க?”

லைசென்ஸைச் சொன்னேன். டிரம்மையும் சொன்னேன், இரண்டு தடவையும். கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். ஆனால் ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்தாள்.

ஜூலை 26

வீரமணியிடம் அவளே போய் வந்தாள். மறுபடி சீவி மினுக்கலாம், இல்லை நாலையும் சாம்பல் அடிக்கலாம் என்றாராம். கெட்டதற்கு மட்டும் சாம்பல் அடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். மூன்று மினுக்குகிறது, ஒன்று மட்டும் சாம்பல்.

“மூணு எனக்கு. ஒண்ணு ஒங்க ஆசைக்கு” என்றாள். இவளை நான் என்ன செய்வது! அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

மந்திரிப்பு. சாம்பல் சக்கரத்தருகே வந்ததும் ஃபாதரின் கை நின்றது. “அது எங்க வூட்டுக்காரருதுங்க ஃபாதர்” என்றாள். அவர் அதற்கு மட்டும் இரண்டு தடவை தெளித்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல் போர்டு ஒட்டிப் பதினைந்து நாளாகிறது. ஏஞ்சல்தான் வாத்தியார். பள்ளி மைதானத்தில் ரிவர்ஸ் பழகினேன். டிரம்முக்குப் பதில் வாளி. அவள் நிழலில் நின்று கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

வளைத்து எடுக்கையில் கொடிக்கம்ப மேடை உரசியது. இறங்கிப் பார்த்தேன். வலது முன் சக்கரம், அவளுடைய மினுக்கும் மூன்றில் ஒன்று. ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கைக்குட்டை கையில் இருந்தது. மண்ணைப் பூசினால் தெரியாது.

“ஏஞ்சல்! இங்க வா. ஒரு கோடு போட்டுட்டேன்!”

வந்தாள். குனிந்து கட்டைவிரலால் கோட்டைத் தடவினாள். நிமிர்ந்து, பாதி கொய்யாவை என் கையில் வைத்தாள்.

“சரி, ஏறுங்க. இன்னோரு வாட்டி எடுங்க.”