சீட் பெல்ட் தகட்டின் மூலை

என் செல்ல ஜெசி,

டெங்குவில் நீ போய் ஐந்து மாதமாகிறது. டெல்லி மயூர் விஹாரில் நாம் சேர்ந்திருந்த வீட்டில் உன் கட்டிலுக்கு இன்னும் யாரையும் சேர்க்கவில்லை. இன்று பயத்தில்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்?

காரின் சீட் பெல்ட்டைத் தாங்கும் அந்தத் தகடு நினைவிருக்கிறதா? பிரஸ் இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் எங்கே இழுபடும், எங்கே மெலியும் என்று கணினியில் நீ கணக்கிட்டாய். நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். எல்லா மூலையும் பச்சை, கிழியாது என்று காட்டியது. போன திங்களன்று வேறொரு வேலைக்காக உன் கோப்பைத் திறந்தேன். எஃகு ஆலையில் உருட்டிய திசையில் தகடு ஒரு மாதிரி நீளும், குறுக்கே வேறு மாதிரி நீளும் என்று நீதானே எல்லோருக்கும் சொல்வாய்? அந்தத் திசையையே மாற்றிப் போட்டிருந்தாய். திருத்தி ஓட்டினேன். வளைவு மூலை சிவப்பாகி, கிழியும் என்று காட்டியது.

ஃபரிதாபாத் தொழிற்சாலையில் அந்தத் தகடுகளின் முதல் லாட் தயாராக இருந்தது. நல்லவேளை, லாரியில் ஏற்றி அனுப்பவில்லை. மறுநாளே போய், ஒரு தகட்டில் சிறு வட்டங்களைப் பதித்து அழுத்தச் சொன்னேன். வெளியே வந்த துண்டில், மூலையருகே வட்டங்கள் முட்டை வடிவில் நீண்டிருந்தன. ஒன்றின் குறுக்கே மயிரிழை விரிசல். அடுக்கி வைத்திருந்தவற்றிலும் சிலவற்றில் இருந்தது. இதை நம்பி யாருடைய குழந்தை உட்கார்ந்திருக்குமோ?

மேனேஜர் ரமணன் சார் லாட்டை நிறுத்தினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சபீனா, அவ இப்ப இல்ல. ரிப்போர்ட்ல அவ பேரை மட்டும் போட்டு முடிச்சிடலாம். உனக்கும் நல்லது."

சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, ஜெசி. உன்னிடம் மறைக்க மாட்டேன். வேலை போனால் என்ன செய்வேன்?

"சரிபாத்தது நான் சார். என் பேரும் வரணும்."

சொல்லிவிட்டேன்.

வேலை போகவில்லை. கொஞ்ச நாளைக்கு என் கணக்கையெல்லாம் இன்னொருவர் பார்த்த பிறகுதான் வெளியே போகும். விரிசல் வராமலிருக்க, தகட்டை அழுத்தும் அச்சின் மூலையை இன்னும் அகலமாக வளைத்துச் செதுக்குகிறார்கள்.

நாம் சேர்ந்து முடித்த வேறு பதினோரு கோப்புகள் இருக்கின்றன. நான்கைத் திறந்து பார்த்தேன், சரியாகவே இருந்தன. ஐந்தாவதைத் திறக்கத்தான் கை வரவில்லை. அதன்படி செய்த தகடுகள் ஏற்கெனவே கார்களில் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நாளை காலை அலுவலகம் போனதும் அதைத் திறக்கிறேன். ஒன்றையும் விடமாட்டேன். இன்னொரு தவறு இருந்தால் அன்றே சொல்லிவிடுவேன், நம் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து. உன்னை அங்கே தனியாக நிற்க விடமாட்டேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
சபீனா