சக்கரத்தில் கட்டிய லாடம்

தை மாதம், வெள்ளி இரவு

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

திருமங்கலம் சாலையில் நாற்பது மைல் வேகம் தாண்டியதும் காரின் ஸ்டீரிங் மறுபடியும் உதறியது.

"குடிச்சிருக்கியா? கை நடுங்குதே! நாளையிலிருந்து வராதே," என்றார் அப்பா.

"வண்டிதான்யா உதறுது, என் கை இல்ல," என்றார் டிரைவர் மாயாண்டி அண்ணன்.

கை நடுக்கம் என்றால் மெதுவாகப் போகும்போதும் தெரிய வேண்டுமே! வீட்டில் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லிச் சுற்றிப் பார்த்தேன். எப்போதும் ஒரே பக்கம்தான் கீழே வந்து நின்றது; அந்தப் பக்கம் கனம் கூடுதல். அங்கே, உட்புறத்தில், கண்ணேறு படாமலிருக்க அம்மா கட்டிய குதிரை லாடம்! உதறலுக்கு அம்மாவின் லாடம்தான் காரணம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவினேன். அவிழ்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் ஐம்பதிலும் உதறவில்லை. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனுக்கு வேலை நிலைத்தது.

"உங்கப்பா பத்திரமா வரணும்னுதானடி கட்டுனேன்," என்றாள் அம்மா. அவளிடம் முதலில் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

இப்போது தன் அறை விளக்கை அணைத்துவிட்டாள். "தூங்குடி" என்றுகூடச் சொல்லவில்லை.