இளைத்ததற்குப் பாராட்டு வாங்கிய கதை

சாரம், புதுச்சேரி
தை 4

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். இந்த முறை 'நலம்' என்பதை எடை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் பாரீசுக்குத் திரும்புகிற நம் தெரு கோபிநாத்திடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போய் எடுத்த போட்டோவை உனக்கு அனுப்பினேனே, அன்றைக்கு என்னைப் பார்த்தவர்களெல்லாம் ஒரே பாராட்டு. தையல் கடையில் என் பக்கத்து மிஷினில் உட்காரும் தனக்கொடி, "அக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க, என்னா சாப்புடுறீங்க, எங்களுக்கும் சொல்லுங்க"ன்னு கேட்டாள். நடக்கிறேன் என்று பொய் சொன்னேன். நடக்கவும் இல்லை, சோற்றைக் குறைக்கவும் இல்லை, முன்பைவிட அதிகமாகத்தான் சாப்பிட்டேன். ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன், அதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்கினால் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன், நெஞ்சு படபடத்தால் வெயில் என்று நினைத்தேன். நீ மட்டும்தான் அந்தப் போட்டோவைப் பார்த்து, "ஏம்மா கழுத்தெலும்பு இப்டித் தெரியுது, நீ எவ்ளோ வெயிட்டு"ன்னு கேட்டாய். எனக்குக் கோபம்கூட வந்தது. பெற்ற பெண்ணுக்கே பொறுக்கவில்லையே என்று அப்பாவிடம் சொன்னேன். நீ விடாமல் ஒன்பது நாள் தினமும் போன் செய்தாய், அந்தத் தொல்லை தாங்காமல்தான் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு நர்ஸ் பெண் உயரமும் எடையும் பார்த்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது. எடையை உயரத்தின் மீட்டர் கணக்கால் இரண்டு தடவை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐயாம். என் எடை நாற்பத்தொன்று, உயரம் நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர். பதினேழே முக்கால் வந்தது. பதினெட்டரைக்குக் கீழே போனால் எடை போதவில்லை என்று அர்த்தமாம், நம் ஊர்க்காரர்களுக்கு இருபத்து மூன்றைத் தாண்டாமல் இருந்தால் நல்லதாம். ஆறே மாதத்தில் பதினாலு கிலோ போயிருக்கிறது என்றதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "இந்த நம்பர் ஏதோ சரியில்லனு மட்டுந்தாம்மா சொல்லும், என்னானு ரத்தம் பாத்தாத்தான் தெரியும்"னாங்க. பார்த்ததில் தைராய்டு அளவுக்கு மேலே வேலை செய்கிறதாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயத்தையே பாதித்திருக்கும் என்று சொன்னபோது அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உன் அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாத்திரை தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது நாற்பத்தாறரை கிலோ, பிஎம்ஐ இருபது. கை நடுக்கம் நின்றுவிட்டது, பொங்கல் அவசரத்தில் ஒரே நாளில் ஆறு சுடிதார் தைத்தேன். கூட வந்த பாவத்துக்கு அப்பாவையும் நிற்க வைத்துப் பார்த்தார்கள், அவருக்கு இருபத்து நாலு. கை கால் ஒல்லிதானே என்று வாதாடினார், அந்த நர்ஸ் பெண் இடுப்பில் டேப்பை வைத்துக் காட்டியது. இப்போது தினமும் காலையில் நடக்கிறார், திரும்பும்போது வடைக் கடைப் பக்கம் போவதில்லை என்கிறார், நான் நம்புகிற மாதிரி நடிக்கிறேன்.

தாமரை, உனக்கு நன்றி சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெற்ற மகளுக்கு நன்றி சொல்வதா என்று அப்பா கேட்கிறார், சொன்னால் என்ன? ஆனால் எழுத எழுத வேறொன்று உறுத்துகிறது. நான் ஒவ்வொரு தடவையும் வீடியோவில் உன்னைப் பார்த்ததும் சதை போட்டுவிட்டாய் என்றுதான் ஆரம்பிப்பேன். நீ சிரித்துவிட்டு கேமராவை வேறு பக்கம் திருப்பிவிடுவாய். நீ என் உடம்பைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டாய், நான் உன் உடம்பைப் பார்த்துக் குறைதான் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன். நீயும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள், நான் சொன்னதை நினைத்து ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், அம்மன் துணையிருப்பாள். அடுத்த தடவை போன் செய்யும்போது கேமராவைத் திருப்பாதே கண்ணு, முகத்தைக் காட்டு.

உன் அம்மா,
அமுதவல்லி