7777 எழுதிக் கொடுத்த நாள்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து பனிமூட்டம். துவைத்த துணி இரண்டு நாளாய்க் காயவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இன்னும் நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர், இவருக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஆறு வாரம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. "ஆ" மட்டும் வருகிறது. பசிக்கும் அதே, கோபத்துக்கும் அதே.

கம்போங் ராஜாவிலிருந்து இவர் அண்ணன் போன். "அவனுக்கு ஒன்னும் புரியலம்மா. ஈப்போவுல அவன மாதிரி ஆளுங்கள பாத்துக்கிற நல்ல ஹோம் இருக்கு. சனிக்கிழம வந்து கூட்டிட்டுப் போறேன். நீயும் வேலைக்குப் போகணும்லா."

போன் ஸ்பீக்கரில் இவருக்கும் கேட்டது. இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். புரியாதவர் ஏன் திரும்ப வேண்டும்?

மார்ச் 5, புதன்
மழை. கேஸ் தீர்ந்தது.

இவரோடு கொழுந்து லோரி ஓட்டிய மணியம் வந்தார். ஸ்டூலை இவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "டேய், ஒன் லோரி 3524 இப்ப வேற ஆளுகிட்ட. கியர் மாத்தவே தெரியலலா அவனுக்கு."

இவர் இடது கை காற்றில் எழுதியது. பென்சிலும் தாளும் கொடுத்தேன்.

கியா பார்ம் ரோட்டு ஜாமில் நிற்கும்போதெல்லாம் முன்னால் நிற்கும் கார் நம்பரை வைத்து இவர் ஆடும் விளையாட்டு. நான்கு இலக்கம். பெரியதிலிருந்து சிறியதாய் அடுக்கு. அதைத் திருப்பி எழுது. கழி. வந்த விடையை மறுபடி அடுக்கு, திருப்பு, கழி. எதில் தொடங்கினாலும் ஏழு தடவைக்குள் 6174. அப்புறம் நகராது: 7641 − 1467 = 6174. ஏன் என்று கேட்டால், "தெரியாது. ஆனா வருதுல்ல?" என்பார்.

இன்று, கோணல் எழுத்தில், முக்கால் மணி நேரம்:
5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

நடுவில் ஒரு தப்பு. தானே அடித்துத் திருத்தினார். மணியம் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

மார்ச் 6, வியாழன்
வாங்க: கேஸ், டயப்பர், பென்சில் இரண்டு.
ஏழு எண் எழுதிக் கொடுத்தேன். ஐந்து சரி. ஆறாவதில் பென்சிலை வீசினார். நானும் கத்திவிட்டேன். அப்புறம் சோறு ஊட்டும்போது இருவரும் பேசவில்லை. (இவர் எப்படிப் பேசுவார்.)

மார்ச் 8, சனி
அண்ணன் வந்தார். தாள்களைக் காட்டி, கணக்கையும் விளக்கினேன்.
"நீ சொல்லிக் குடுத்திருப்பம்மா."
"அப்ப நீங்களே ஒரு நம்பர் எழுதுங்க மாமா."

தன் புது லோரி நம்பரை எழுதினார். ஆசைப்பட்டு, காசு கொடுத்து வாங்கிய நம்பர். 7777.

இவர் பார்த்தபடியே இருந்தார். பென்சில் அசையவில்லை. "பாத்தியா..." என்றார் அண்ணன்.

பிறகு இவர் தாள் நிறைய ஒரு 0 போட்டார்.

நான்தான் மறந்துவிட்டேன். நான்கும் ஒரே இலக்கமானால் எப்படித் திருப்பினாலும் அதே எண். கழித்தால் ஒன்றுமில்லை. அந்த மாதிரி எண்கள் மட்டும்தான் 6174க்குப் போகாது. சொன்னதும் அண்ணன் தாளையே பார்த்தார். இவர் பாதி வாயால் சிரித்தார்.

"என் லோரிக்கு முட்ட போடுறியாடா?" அண்ணன் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "நான் பேசினதெல்லாம் கேட்டிருப்பானா?"
"கேட்டாரு மாமா."
ஈப்போ பேச்சை அவர் அதற்குமேல் எடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்
வெயில். ஏழு மணிக்கே அண்ணன், காரோடு. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. எங்கே உட்கார வைப்பது என்று என்னைக் கேட்க வந்தவர், நிறுத்தி, இவர் பக்கம் குனிந்தார். "முன்னாடியாடா, பின்னாடியா?"
இவர் டிரைவர் சீட்டைக் காட்டினார்.