செட்டு என்ற சொல்லுக்கு இரண்டு வேர்கள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே மேல்காற்று. மாடிக் கொடியில் வேட்டி நிற்கவில்லை. மேற்கே மூட்டம், தச்சநல்லூருக்கு இரண்டு தூறல், அவ்வளவுதான்.

அகராதியின் கடைசி மெய்ப்பு வந்தது. பேட்டை அச்சகத்திலிருந்து, பழுப்புக் காகிதக் கட்டாக. வெள்ளிக்குள் திருத்தித் தர வேண்டும்.

முதல் பக்கம்: ‘நெல்லைப் பேச்சில் ஆங்கிலச் சொற்கள். தொகுப்பாசிரியர்: முனைவர் சங்கரலிங்கம்.’ கீழே வெற்றிடம். என் பெயரைத் தேடினேன். நன்றியுரையில், தட்டச்சு செய்தவருக்கும் அட்டைப்படம் வரைந்தவருக்கும் நடுவில் கிடைத்தது: ‘மெய்ப்புப் பார்க்க உதவிய நண்பர் பேராசிரியர் ஆறுமுகம்.’

இருபத்திரண்டு ஆண்டுகள். சொற்களை எழுதிக் காலணிப் பெட்டிகளில் அடுக்கிய சீட்டுகள் என்னுடையவை. விதியும் என்னுடையது: எடுத்துக்காட்டு எதையும் நாமாக எழுதக் கூடாது, ஒருவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும், சொன்னவரின் பெயரெழுத்தும் ஊரும் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். சங்கரலிங்கம் எங்கள் கல்லூரியின் தமிழ்த்துறையில் இருந்தவர், எனக்கு ஐந்து வயது மூத்தவர், அண்ணாச்சி என்றே அழைத்து வருகிறேன். நூலுக்குப் பண உதவி தரும் அமைப்புக்கு மனு எழுதியவர் அவர், அலைந்தவர் அவர், அதை மறுக்கவில்லை. பாதி ஊர்களுக்கு உடன் வந்திருக்கிறார்.

கட்டின் அடியில் ஒரு கடிதம். ‘இத்தொகுப்பில் எனக்கு உரிமை ஏதும் இல்லை.’ கையெழுத்துக்காகப் புள்ளிக்கோடு. நான் எங்கே போட வேண்டும் என்று காட்ட, பென்சிலில் ஒரு சிறு பெருக்கல் குறியும் இட்டிருந்தார் அண்ணாச்சி.

கையெழுத்துப் போடவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

என் மனைவி பார்வதி: “கட்டு வந்ததுல இருந்து பேசாமலே இருக்கிய?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமலா பேனாவையெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்கிய?”

வாங்க: சிவப்பு மைப்பேனா. தயிர். பார்வதியின் முழங்காலுக்குத் தைலம்.

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பு இரண்டு. விடைத்தாள் கட்டு ஒன்று மீதி. காற்று அப்படியே.

மாலையில் மெய்ப்பு. நேராக ‘செட்’ பகுதிக்குப் போனேன். நூலிலேயே நீளமான பதிவு அதுதான். நம் ஊரில் அந்தச் சொல் செய்யாத வேலை இல்லை. அச்சில் வந்திருப்பவற்றில் சில:

— பம்பு செட். “பம்புசெட்டுல குளிச்சாத்தான் குளிச்ச மாதிரி, ஆத்துல குளிச்சா நனைஞ்ச மாதிரி.”

— மைக் செட். “மைக்செட்டுக்காரன் வந்து மூணு மணி நேரமாச்சு, சாமியத்தான் இன்னும் காணும்.”

— பூரி. “ஒரு செட்டு பூரி. கிழங்கு மட்டும் ரெண்டு செட்டு.”

— ஒத்துப்போதல். “மெட்ராஸ் தண்ணி இவனுக்கு செட் ஆகல, முடி பூரா கொட்டிட்டு.”

— இறுகுதல். “காங்கிரீட்டு செட் ஆகுமுன்ன நாய் நடந்துட்டு. சரி, வாஸ்துன்னு சொல்லிட்டேன்.”

— ஆள் பிடித்தல். “சாட்சிய செட் பண்ணிட்டாங்க. அவன் இப்ப எனக்கே என் பேரச் சொல்லித் தாரான்.”

— ரேடியோ செட். இப்போது யாரும் சொல்வதில்லை. வழக்கொழிந்தவற்றுக்குச் சீட்டின் மூலையில் ஒரு சிறு சிலுவை போடுவது என் பழக்கம். இதற்குப் போட்டிருந்தேன், அச்சிலும் வந்திருக்கிறது. நல்லது.

நல்லது என்று எழுதக்கூடிய கடைசி விஷயம் அதுதான். அடைப்புக்குறிகள் ஒன்றுகூட இல்லை. நூல் முழுவதும் புரட்டிப் பார்த்தேன். சொன்னவர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் இது ஒரு சொல் அன்று, இரண்டு. ஒன்று பழைய ஆங்கிலத்தைச் சேர்ந்தது: உட்காரச் செய், ஓரிடத்தில் வை. மற்றொன்று இலத்தீனில் ‘பின்தொடர்’ என்ற வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது; ஒருவரைப் பின்பற்றிப் போகிற கூட்டம் என்பது அதன் முதற்பொருள். சமயத்தின் உட்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் உடன்பிறப்பே. எழுத்து ஒன்றாகிவிட்டதால் பின்னாளில் இரண்டும் உரசி ஒட்டிக்கொண்டன. கொத்தனாரின் காங்கிரீட்டு முதல் வேர். பூரியும் மைக்கும் இரண்டாவது. அதனால் இரண்டு தனித் தலைச்சொற்களாகவே எழுதியிருந்தேன்.

அவர் இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறார். ‘செட்: உட்காரவை என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்.’ அதன் கீழ் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். பூரி உட்பட.

ஜூலை 9, புதன்

தண்ணீர் வரவில்லை. மோட்டார் போட்டு ஏற்ற வேண்டியதாயிற்று.

தொலைபேசியில் சங்கரலிங்கம்.

“என்ன வே ஆறுமுகம், கட்டு வந்துட்டா?”

“வந்துட்டு அண்ணாச்சி.”

“வெள்ளிக்கெழம சாயந்தரம் நானே வந்து வாங்கிக்கிடுதேன். அந்தக் கடுதாசியில ஒரு கையெழுத்தப் போட்டு வையும்.”

“கடுதாசியப் பாத்தேன்.”

“ஒரு பேருதான் போடலாங்காங்க வே உதவி குடுக்கவங்க. நான் என்ன செய்ய? உமக்கு இன்னும் சர்வீஸ் கெடக்கு, வேற ஒண்ணு போட்டுக்கிடலாம். எனக்கு இந்த ஒண்ணுதான்.”

“அடைப்புக்குறி பூராவும் எங்க போச்சு?”

“அதுவா, பக்கம் கூடிக்கிட்டே போகுதுன்னு தூக்கிட்டேன். கொத்தனாரு சொன்னாரா கண்டக்டரு சொன்னாரான்னு எவம் வே பாக்கப் போறான்?”

“சரி, அண்ணாச்சி.”

ஒரு பெயர் என்பது பொய். அமைப்பின் விதித்தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தொகுப்பாசிரியர் பெயருக்கு இரண்டு வரிகள் விட்டிருக்கிறார்கள். அந்த நகலை எனக்குத் தந்தவரே அவர்தான். மறந்துவிட்டார், அல்லது நான் படித்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறார். இரண்டாவதை மன்னிக்க மாட்டேன்.

பகல் முழுவதும் ஒரே யோசனை. இரண்டு வேர்களை ஒன்றாக்கிய பிழையை அப்படியே விட்டுவிடலாம். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செய்யாமல் இருந்தால் போதும். நூல் வரும், மதிப்புரைக்குப் போகும், மொழியியல் படித்த எவரும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள். அட்டையில் ஒரே பெயர் இருக்கும். சிரிப்பையும் அந்த ஒரு பெயரே வாங்கிக்கொள்ளும். கையெழுத்தும் போட்டுவிடலாம், அழகாக.

இதை எழுதும்போது மனம் மிக அமைதியாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பார்வதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெய்ப்பைப் புரட்டினாள்.

“இங்கன பாருங்க. ‘எங்கப்பாவுக்குப் பல்செட்டு மாட்டினா சிரிக்க வருது, திங்க வரல.’ இது நான் சொன்னதுல்லா?”

“நீ சொன்னதுதான்.”

“நான் சொன்னேன்னு போடலயே.”

“எடுத்துட்டாரு.”

“அண்ணாச்சியா? எங்கப்பா பல்ல ஊருக்கே காட்டுவாரு, எம் பேரப் போட மட்டும் கூசுதா? வரட்டும், சீனி போடாமக் காப்பி குடுக்கேன்.”

“அவருக்குச் சர்க்கரை. சீனி போடாமத்தான் குடிப்பாரு.”

“அப்போ போட்டுக் குடுக்கேன்.”

ஜூலை 10, வியாழன்

கல்லூரி முடிந்ததும் பேருந்தில் பேட்டை. அச்சகம் தொழிற்பேட்டைக்குள், லேத் பட்டறைக்கு அடுத்த கட்டடம். பக்கம் அமைக்கும் பெண் ஜெயா. முப்பது வயதிருக்கும். கணினித் திரையின் மேல் ஒரு கதம்பத் துண்டு செருகியிருந்தாள்.

“அடைப்புக்குறிக்குள்ள இருக்கது பூராவும் தூக்கச் சொன்னாரு பெரிய சாரு. ஒரே தட்டு, போயிட்டு.”

“திரும்ப வருமா?”

“பழைய ஃபைல் பத்திரமா கெடக்கு சார். அதுவும் ஒரே தட்டுதான். ஆனா மெய்ப்புல எழுதித் தரணும்.”

“யார் எழுதணும்?”

“யாரு எழுதுனா எங்களுக்கென்ன? கடைசி மெய்ப்புல சிவப்புல இருந்தா செய்வோம். இல்லேன்னா கடவுளே வந்து நின்னாலும் செய்ய மாட்டோம். ஒரு கல்யாணப் பத்திரிகையில வாய்ச்சொல்லக் கேட்டு மாப்பிள்ள பேரயே மாத்திட்டோம், சார். மொதலாளிக்கு இன்னும் அந்தப் பக்கம் போக முடியல.”

திரும்பும் பேருந்தில் சன்னலோர இடம். மடியில் மெய்ப்பு. பையில் சிவப்புப் பேனா. முதல் பக்கத்தில் அந்த வெற்றிடம். எழுதினால் அச்சாகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள்.

எழுதவில்லை. என் பெயரை நானே எழுதிக்கொள்ள இருபத்திரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டிருக்காது.

வீட்டில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் திருத்தினேன். அடைப்புக்குறிகள் அனைத்தும் பழையபடி வர வேண்டும் என்று முதலில் ஒரு பொதுக்குறிப்பு. பிறகு செட் பகுதியை இரண்டாகப் பிரித்தேன். நேற்றைய திட்டத்தைக் கைவிட்டதற்குக் காரணம் பெருந்தன்மை அன்று. நாய் நடந்த கதையைச் சொன்ன கொத்தனார் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவரைப் பூரியோடு சேர்த்து வைப்பது நியாயமில்லை.

இந்தப் பதிவுக்கு மட்டும் பெயரெழுத்துகளைப் பெட்டியைத் திறந்து சீட்டுச் சீட்டாக ஒப்பிட்டேன். கூட்டாளிகள் என்ற பொருளில் இரண்டு சீட்டுகள். முதலாவது ஒரு மில் தொழிலாளி சொன்னது. இரண்டாவது:

“நாம ரெண்டு பேரும் ஒரு செட்டுல்லா வே. நான் மட்டும் எப்படிப் போக?” (ச.லி., விக்கிரமசிங்கபுரம்)

என் கையெழுத்து. ஐப்பசி மழை நாள். மில் குடியிருப்பில் சொற்கள் சேகரித்துவிட்டு நின்றோம்; கடைசிப் பேருந்துக்கு முந்தையது வந்தது. ஒருவருக்குத்தான் இடம் என்றார் நடத்துநர். சங்கரலிங்கம் ஏறிவிட்டிருந்தார். அதைச் சொல்லிக்கொண்டே இறங்கினார். அடுத்த பேருந்து வரும்வரை ஒரு குடையில் இருவரும் நின்றோம். இரண்டு பேரும் நனைந்தோம்.

மெய்ப்பில் வாக்கியம் இருக்கிறது. தன் வாக்கியம் என்று தெரியாமலே விட்டிருக்கிறார். பெயரெழுத்தைச் சிவப்பில் சேர்த்தேன்.

விடைத்தாள் திருத்தவில்லை. தைலம் மறந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

காற்று ஓய்ந்திருக்கிறது. புழுக்கம்.

ஐந்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் பழப்பை. பார்வதி “வாங்க அண்ணாச்சி” என்றாள், ஒரு சொல் கூடுதலாக இல்லை.

மெய்ப்பைப் புரட்டினார்.

“என்ன வே, இவ்வளவு செவப்பு?”

“செட்டு ரெண்டு சொல்லு, அண்ணாச்சி. ஒண்ணாக்கிட்டிய.”

படித்தார். மெதுவாக, விரலை வைத்து. அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை, நல்ல படிப்பாளி.

“இது இப்படியே வந்திருந்தா எம் மானம் போயிருக்கும்லா.”

“போயிருக்கும்.”

“நீரு சும்மா விட்டிருக்கலாம்.”

“விடணும்னுதான் நெனச்சேன். ஒரு நாள் பூரா.”

நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மீண்டும் குனிந்தார். விரல் கீழே கீழே போய் ஓரிடத்தில் நின்றது. பார்வதி காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

“இது நானா சொன்னேன்?”

“சீட்டுல இருக்கு. மழையும் இருக்கு.”

“எடுத்துரும் வே.”

“சொல்லாதத சேக்கக் கூடாது. சொன்னத நான் எடுக்கவும் மாட்டேன்.”

ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“கடுதாசியில கையெழுத்து?”

“இல்ல.”

“உதவி திரும்பிப் போயிரும் வே. புஸ்தகமே வராது.”

“போகட்டும்.”

குரலை உயர்த்தவில்லை. விதித்தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து, இரண்டு வரிகள் உள்ள பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். அதன் மேல் சிவப்புப் பேனா.

“செவப்புல இருக்கது மட்டுந்தான் அச்சாகும், அண்ணாச்சி. மொதப் பக்கத்த நான் தொடல.”

மோட்டாரை நிறுத்தப் பின்பக்கம் போனேன். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வழியட்டும் என்று சற்று நேரம் நின்றேன். திரும்பியபோது நாற்காலி காலி. மெய்ப்பு இல்லை. கடிதம் கையெழுத்தில்லாமல் அங்கேயே கிடந்தது. பேனா மூடாமல் இருந்தது.

பார்வதி டம்ளரை எடுத்துப் பார்த்தாள். “பூராவும் குடிச்சிட்டாரே. ரெண்டு கரண்டில்லா போட்டேன்.”

“தெரிஞ்சேதான் குடிச்சாரு.”

“பாவம்” என்றாள். பிறகு, “பாவம் என்ன பாவம்” என்றாள்.

ஜூலை 14, திங்கள்

தூறல். விடைத்தாள்கள் ஒப்படைத்தாயிற்று. தைலம் வாங்கியாயிற்று.

அவரிடமிருந்து அழைப்பு இல்லை. நானும் அழைக்கவில்லை.

மாலை வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியில் அச்சகத்து ஜெயா.

“சார், மெய்ப்பு வந்துட்டு. ரெண்டு எடத்துல மட்டும் கையெழுத்து வேற மாதிரி இருக்கு, பெரிய சாரு எழுதுனாப்ல. அவருக்கு அடிச்சுப் பாத்தேன், எடுக்க மாட்டேங்காரு.”

“என்ன எழுதியிருக்காரு?”

“மொதப் பக்கத்துல உங்க பேரு. தொகுப்பாசிரியருன்னு. எது மேல, எது கீழன்னு போடல.”

“அகரவரிசையில போடும்மா.”

“அப்போ நீங்க மேல வாறிய.”

“ஆமா. இன்னொண்ணு?”

“செட்டுப் பக்கத்துல ஒரு வரிய அடிச்சிருக்காரு. ‘நாம ரெண்டு பேரும்’னு ஆரம்பிக்கும் பாருங்க, அது. பேர மட்டும் இல்ல, வரியவே. ரெண்டு கோடு போட்டு அடிச்சிருக்காரு. தூக்கிரவா சார்?”

வெளியே யாரோ பழைய பேப்பர் வாங்குகிறவர் கூவிக்கொண்டு போனார். அந்தக் குரல் தெருமுனை திரும்பியது.

“செவப்புலதான இருக்கு?”

“செவப்புலதான்.”

“அப்போ தூக்கிரு.”

பெட்டியைத் திறந்தேன். சீட்டு அதே இடத்தில், மில் தொழிலாளிக்குப் பின்னால். கிழிக்கவில்லை. ரேடியோ செட்டுக்குப் போட்டதுபோல் மூலையில் சிறிய சிலுவை போட்டு, திரும்ப வைத்தேன்.