நாலாம் தூணில் அசையாத ஊசி

14 பங்குனி 1986, வெள்ளி

பருத்தித்துறைப் பக்கம் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தாங்கியை இன்று பரிசோதிக்கப் போனேன். காங்கிறீற்றுக்குள் கம்பி இருந்தால் ஊசி எழும்பும் கருவி ஒன்று கொழும்பிலிருந்து வந்திருக்கிறது. மூன்று தூண்களில் ஊசி ஒழுங்காக எழும்பியது. நாலாவதை மறைத்துச் சீமெந்துப் பைகளை அடுக்கியிருந்தார்கள்.

"உதைப் பாக்கத் தேவையில்லை ஐயா. எல்லாம் ஒரே வேலைதானே," என்றார் தாங்கியைக் கட்டிய கொந்தராத்துக்காரர்.

பைகளை எடுப்பித்தேன். இடுப்பு உயரம் வரை ஊசி எழும்பியது. அதற்கு மேலே அசையவே இல்லை.

"கருவிக்குப் பற்றறி இறங்கியிருக்கும்," என்றார்.

முதல் தூணில் திரும்ப வைத்துக் காட்டினேன். ஊசி எழும்பியது. 

தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றக் கூடாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் கட்டும்போது அந்தத் தூணின் கம்பிக் கட்டைச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவனும் நான்தான். அன்று கம்பி உச்சி வரை நின்றது. மத்தியானம், "வாங்கோ ஐயா, வீட்டை நண்டுக்கறி," என்று அவர் கூட்டிப் போனார். திரும்பி வரும்போது காங்கிறீற் போட்டு முடிந்திருந்தது.

போதும் போதும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்.