எல்லோருக்கும் போன ஒரு வரி

6 ஜூலை, ஞாயிறு

மாலை நேத்ராவின் ஐந்தாவது அமர்வு. குடும்ப ஆலோசனையில் என்னிடம் பயிற்சி பெறுகிறவள். மைசூரிலிருந்து வீடியோவில் பேசுவாள். நான் இங்கே ராபர்ட்சன்பேட்டை மாடியறையில் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். குடும்பத்துக்கும் அது தெரியும். தோன்றுவதை அவளுக்கு மட்டும் டைப் செய்து அனுப்புவேன்.

குடும்பம் எங்கள் ஊர்தான். ரவிகுமார், மனைவி வாணி, மகள் மாயா. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா பெங்களூர்க் கல்லூரியில் சேர்த்துவிட்டார் என்று மாயா கல்லூரிக்கும் போவதில்லை, அப்பாவோடு பேசுவதும் இல்லை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற மனுஷர் அவர். ஐந்து அமர்விலும் வாய் திறக்கவில்லை. இன்றும் நேத்ரா அவரையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போயிற்று. "அப்பாவை விடு. அவர் பேச மாட்டார், நேரம்தான் வீண்" என்று தட்டினேன்.

எல்லோருக்கும் போய்விட்டது.

அவர் திரைக்குக் கிட்டே வந்து படித்தார். "எனக்கு ஷிப்ட் இருக்குது" என்று எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷிப்டாம்.

7 ஜூலை

பதினெட்டு வருட அனுபவம் — இன்னா அனுபவம்?

9 ஜூலை

அவர் இனி வர மாட்டாராம். அவர் இல்லாவிட்டால் மாயாவும் வர மாட்டாளாம். அந்தப் பெண்ணின் படிப்பு அவ்வளவுதான். என் சார்பில் நீயே மன்னிப்புக் கேட்டுவிடு என்றேன் நேத்ராவிடம்.

"தப்பு நடந்தா அந்தக் குடும்பத்துகிட்டயே நேரா சொல்லணும்னு நீங்கதானே மேடம் சொல்லிக்கொடுத்தீங்க?"

அவள் மேல் கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாள் என்கிற கோபம்.

12 ஜூலை, சனி

மார்க்கெட்டில் ரவிகுமார். என் முகம் அவருக்குத் தெரியாது; அவர் முகம் எனக்கு மனப்பாடம். வீட்டில் புளி நிறைய இருக்கிறது, ஆனாலும் புளிக்கடைக்குள் புகுந்து நின்றேன். பக்கத்தில் கொய்யா பொறுக்கிக்கொண்டிருந்தார். "நல்லா காயா பாத்து குடுங்கண்ணா. எம் பொண்ணு பழுத்துட்டா தொடமாட்டா."

இவரைத்தான் பேச மாட்டார் என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது. அரைக் கிலோ புளியோடு வீட்டுக்கு வந்து வாணிக்கு போன் செய்தேன். பத்து நிமிடம் போதும், அவரை வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

13 ஜூலை, ஞாயிறு

வந்தார். முதல் முறையாகக் கேமராவைப் போட்டேன்.

"அதை எழுதினது நான்தாங்க, நேத்ரா இல்ல. உங்களைத் தெரிஞ்சுக்காமலே எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க."

"இருக்கட்டும் மேடம்" என்றார். "நீங்க எழுதிட்டீங்க. எங்க வூட்ல எல்லாரும் அதத்தான் நெனைக்கிறாங்க."

"நான் அப்டி நெனைக்கலப்பா" என்றாள் மாயா.

நேத்ரா குறுக்கே எதுவும் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டுக் கெடுத்திருப்பேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று ரவிகுமாருக்கு உண்மையாகவே ஷிப்ட். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்புகிற ரயிலில், கதவோரம் நின்றபடி போனிலேயே அமர்வில் சேர்ந்தார். பங்காருப்பேட்டை வருவதற்குள் மூன்று முறை லைன் போயிற்று. மூன்று முறையும் திரும்பி வந்தார்.

நேத்ராவுக்கு ஒரு வரி தட்டினேன்: 'அவரையே மாயாகிட்ட ஏதாவது கேட்கச் சொல்லு.' அனுப்புமுன் யாருக்குப் போகிறது என்று இரண்டு தடவை பார்த்தேன்.

அதற்குள் அவர், பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி, கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்: "உனக்கு இன்னாம்மா படிக்கணும்? கேக்குதா? இன்னா படிக்கணும்?"

அந்த வரியை அழித்துவிட்டேன்.